வான் தெரியாத பொறியியல்

பென்சன் உள்ள வேலையை விட்டவளை எங்கள் ஊரில் ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

கட்டுக்கரைக் குளத்தில் நான் பொறியியலாளராக இருந்தபோது, பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பிள்ளை பயிற்சிக்கு வந்தாள். அதே குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற வீட்டுப் பிள்ளை. ஸ்பில்வே கணக்கு எதைக் கொடுத்தாலும் ஆங்கிலத்தில் மடமடவென்று செய்துவிடுவாள், விடை பிசகாது. ஒருநாள் குளக்கட்டில் நின்றபடி கேட்டேன்.

"தங்கச்சி, ஸ்பில்வேயைக் காட்டுங்கோ பாப்பம்."

துருசைக் காட்டினாள். அது வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற கதவு.

"மாரியிலை குளம் நிரம்பினா என்ன நடக்கும்?"

"வான் பாயும், மிஸ்."

"மிச்சத் தண்ணி வழிஞ்சு போற அந்த வான்தான் ஸ்பில்வே."

"ஐயோ! இதையோ ரெண்டு வருசமாப் படிச்சனான்?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. அவள்மேல் இல்லை. நானும் அப்படித்தான் பாஸ் பண்ணினவள். வெட்கக்கேடு.

பொறியியல் பிள்ளைகளுக்கு எப்படி விளங்குகிறது, எங்கே விளங்காமல் போகிறது என்பதை ஆராயப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தேன். கந்தோரில் மேலதிகாரி கதிரையை விட்டே எழும்பிவிட்டார்.

"உமக்கென்ன விசரோ? வாத்தி வேலைக்கோ இதை விடுறீர்?"

"வாத்தி வேலையில்லை, சேர். வாத்தி படிப்பிக்கிறது பிள்ளைக்குப் போய்ச் சேருதோ எண்டு பாக்கிற வேலை."

சொல்லிவிட்டு ராஜினாமாக் கடிதத்தை மேசையில் வைத்தேன். ஆராய்ச்சிக்கு இடம் இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் இரண்டும் கெட்டவள்தான். பயம் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

நேர்முகத்தில் குளக்கட்டுக் கதையை அப்படியே சொன்னேன். நடுவில் இருந்த பேராசிரியர் என் விண்ணப்பத்தை ஒரு விரலால் தள்ளினார்.

"இதிலை இஞ்சினியரிங் எங்கை? கொங்கிறீற்றிலை ஒரு தலைப்பைக் கொண்டு வாங்கோ, இப்பவே கையெழுத்து வைக்கிறன்."

"கொங்கிறீற் வெடிச்சா ஆர் விட்ட பிழை எண்டு தேடுறம், சேர். பிள்ளைக்கு விளங்காட்டி பிள்ளை மொக்கு எண்டு விட்டிடுறம். நான் தலைப்பை மாத்தமாட்டன்."

"அப்ப கஸ்ரம்."

"கஸ்ரமாவே இருக்கட்டும்" என்று எழுந்துவிட்டேன்.

கதவடிக்குப் போனபோது கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது.

"பிள்ளை, நான் படிப்பிச்சதிலையும் அப்பிடி எத்தினை பேர் இருப்பினம்?"

"தெரியாது, சேர். ஒருத்தரும் பாக்கேல்லை. அதுக்குத்தான் வந்தனான்."

பேனையை எடுத்தார்.