முன்வீட்டில் இருந்த குரல்

மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, எங்கள் கல்முனைக்குடி வழக்கப்படி, பின்வளவில் கட்டிய சிறு வீட்டுக்கு நான் குடிபோனேன். பழைய கணினியில், கோப்புகளைச் சேமித்து வைக்க நானே உருவாக்கிய சேர்வர் மட்டும் முன்வீட்டு ஹோலில் இருந்தது. மவுத்தாகி இப்போது இல்லாத என் மனைவியின் குரல் அதில்தான் இருக்கிறது. மீன் ஆய்ந்தபடி அவள் கவி பாடியதைக் கடலோசையோடு பதிந்து வைத்திருந்தேன். அஸர் தொழுகைக்குப் பிறகு மடிக்கணினியில் அதைக் கேட்டால், அலை என் கட்டில்வரை வந்து திரும்புவது போலிருக்கும்.

ஒருநாள் அந்தப் பதிவு இருந்த கோப்புறையே மடிக்கணினியில் தென்படவில்லை. மடிக்கணினியை அணைத்து மீண்டும் போட்டேன், கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கொடுத்தேன். பயனில்லை. சேர்வர் இருக்கும் முன்வீட்டில் வாழும் மருமகன்மீது சந்தேகம் திரும்பியது. மடிக்கணினியை ஏந்தியபடி முன்வீட்டுக்குப் போனேன்.

"வீட்டத் தந்தன். அவள்ற குரலயும் பூட்டி வெச்சிட்டீங்களா, மருமகன்?"

அவர் சேர்வரைத் திரும்பிப் பார்த்தார். மகள்தான் திரையை எட்டிப் பார்த்தாள்.

"வாப்பா, இந்தா இரிக்கே!"

கோப்புறை அங்கே தெரிந்தது.

மருமகன் தலையைச் சொறிந்தார். "என்ட பிழை, மாமா. உங்கட அறைக்கு சிக்னல் காணாதெண்டு நேத்து புது ரவுட்டர் போட்டன். பேரும் பாஸ்வேர்டும் பழசுதான். ஆனா அது தனி நெட்வேர்க்காப் போயிட்டு, அதால அங்க சேர்வர் தெரியல்ல; இங்க வந்ததும் பழைய ரவுட்டர்ல சேந்து தெரியிது."

எனக்காகச் செய்ததையா நான் களவென்று நினைத்தேன்?

"மன்னிச்சிருங்க, மகன்."

"அது கிடக்கட்டும். மாமிர கவியப் போடுங்க."

அன்றே இரண்டையும் ஒரே நெட்வேர்க்காக்கினார். இப்போது கோப்புறை தென்படாவிட்டால், யாரையும் சந்தேகிக்காமல், எந்த நெட்வேர்க்கில் இருக்கிறேன் என்றுதான் முதலில் பார்க்கிறேன். என் அறையிலும் கவி கேட்கிறது. ஆனாலும் அஸருக்குப் பிறகு மடிக்கணினியோடு முன்வீட்டுக்கே போகிறேன்.