மீன் வாங்காததற்கு ஒரு வேண்டுதல்

போன செவ்வாய்க்கிழமை ஃபேக்டரி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்த என் மனைவி மாலதி, கைப்பையைக் கீழே வைப்பதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்டாள்.

"என்னங்க, எனக்கு என்னா வியாதி?"

நான் சோயாவில் செய்த தெம்பே வறுத்துக்கொண்டிருந்தேன். கரண்டியோடு திரும்பினேன்.

"லிஃப்ட்ல சரோஜா அக்கா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. தைரியமா இரு, எல்லாம் சரியாயிடும்னு சொல்றாங்க. நெத்தியில திருநீறு வேற பூசி விட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க ஏன் முழிக்கிறீங்க?"

ஏன் முழித்தேன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இந்தப் பத்தியை வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும் – எங்கள் வீட்டில் இரவுச் சமையல் என் இலாகா. நான் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு செய்கிறவன். மாலதிக்கு பாயான் லெப்பாஸில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. அவளுக்கு ஓவர்டைம் இருந்தவரை எங்கள் வீட்டில் மீனும் இருந்தது. தீபாவளி முடிந்த கையோடு அவளுடைய செக்‌ஷனில் ஓவர்டைமை நிறுத்திவிட்டார்கள். ஆட்களையும் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு. யாரை, எப்போது... யாருக்கும் தெரியாது.

"வெளிய மூச்சு விடாதீங்க" என்று சொல்லி வைத்தாள் மாலதி.

நான் மூச்சு விடவில்லை. பாசாரில் மீன் கடைப் பக்கம் போவதை மட்டும் நிறுத்திக்கொண்டேன்.

சிக்கனமாகச் சமைத்தால் ருசி இருக்காது என்று யார் சொன்னது? ஒரு பானைப் பருப்பு, முதல் நாள் பூசணிக்காய் சாம்பார். மிச்சத்தில் புளியைக் கரைத்து ஊற்றி, மிளகும் பூண்டும் தட்டிப் போட்டால் மறுநாள் ரசம். தவ்வு என்கிற சோயாக் கட்டியைப் பொரித்து மிளகாய்ச் சம்பாலில் புரட்டி வைத்தால் மாலதி இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்வாள். கங்குங் கீரையைப் பெரிய தீயில் வதக்கி, வாடுவதற்குள் இறக்கிவிட வேண்டும். ஒரு நிமிடம் தாமதித்தாலும் கொழகொழத்துவிடும். கறிவேப்பிலை, கீழே கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் யாரோ நட்ட செடியிலிருந்து. அந்த யாரோ நன்றாக இருக்கட்டும். முட்டையையும் சார்டின் டின்னையும் மாதக் கடைசிக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தேன். திட்டமெல்லாம் பிரமாதம்தான்.

ஆனால் எங்கள் ஃபிளாட் இருக்கிறதே... எல்லா வீட்டுச் சமையலறை ஜன்னலும் பொது நடைபாதையைப் பார்த்தபடி இருக்கும். யார் வீட்டில் என்ன குழம்பு என்பது மாடி முழுக்கத் தெரியும். யார் வீட்டில் என்ன குழம்பு இல்லை என்பதும் தெரிந்துவிடும் என்று நான் யோசிக்கவில்லை.

மூன்று கதவு தள்ளி இருக்கிறார் சரோஜா அக்கா. மகன், மருமகள் கவிதா, இரண்டு பேரப்பிள்ளைகள் என்று நிறைந்த வீடு. கவிதாவும் மாலதியின் தொழிற்சாலையில்தான் வேலை செய்கிறாள், செக்‌ஷன் மட்டும் வேறு. அங்கே ஓவர்டைம் தடபுடலாக நடக்கிறது என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

ஒருநாள் நடைபாதையில் அக்கா என்னை நிறுத்தினார்.

"என்னா தம்பி, உங்க வீட்ல மீன் குழம்பு வாசனையே காணோமே?"

மீன் விக்கிற விலைக்கு எப்படிக்கா வாங்குறது என்று சொல்லியிருக்கலாம். ஊரே அதைத்தான் சொல்கிறது. ஆனால் மனத்தில் ஒன்றை ஒளித்து வைத்திருப்பவனுக்கு எந்தப் பதிலும் காட்டிக்கொடுத்துவிடும் போலத்தான் தோன்றும்.

"விரதம்க்கா" என்றேன்.

"புரட்டாசி முடிஞ்சு போச்சே தம்பி?"

"இது... வேண்டுதல்க்கா."

அக்காவின் குரல் இறங்கிவிட்டது. "யாருக்கு?"

என்ன சொல்வதென்று தெரியாமல் எங்கள் வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தேன். கதவருகில் மாலதியின் செருப்பு இருந்தது. அக்கா பெருமூச்சு விட்டார். என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

அவ்வளவுதான் நடந்தது. மாலதியைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சொல்லாமலே என் மனைவியை நோயாளியாக்கிவிட்டேன்.

மாதக் கடைசி வந்தது. முட்டை இருக்கிறது, பொரிக்க வழியில்லை. ஒருநாள் துணிந்து, ஜன்னலை இறுக்கிச் சாத்திவிட்டு முட்டைச் சம்பால் வைத்தேன். பாதியில் கதவைத் தட்டும் சத்தம். சட்டியைத் தூக்கிக் குளியலறையில் வைத்துவிட்டு, ஊதுபத்தி ஒன்றை ஏற்றிக்கொண்டு கதவைத் திறந்தேன். சொந்த வீட்டில், சொந்தக் காசில் வாங்கிய முட்டையைப் பொரிக்க ஒரு மனிதன் இப்படியா நடுங்குவான்?

சரோஜா அக்காதான். கையில் ஒரு கட்டு முருங்கைக்கீரை.

"விரதத்துக்கு ஆகும், வச்சுக்குங்க. நாங்களும் கவிச்சிய நிறுத்திட்டோம் தம்பி. எங்களால முடிஞ்சது அதுதானே."

அந்த முட்டையை அதற்குமேல் நான் தொடவில்லை. என் பொய்யால் இரண்டு குழந்தைகள் மீன் சாப்பிடாமல் இருக்கின்றன. சாமி பெயரைச் சொல்லி வேறு பொய் சொல்லியிருக்கிறேன். அன்று முதல் மாலதி தும்மினால்கூடப் பொய் பலித்துவிடுமோ என்று பயந்தேன். தலை வலிக்கிறது என்றால் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். "என்னா திடீர் பாசம்?" என்று அவள் கேட்டாள். அதற்கப்புறம் முட்டைப் பக்கமே நான் போகவில்லை. பொய் விரதத்தை நிஜமாகவே கடைப்பிடித்தேன்.

இதையெல்லாம் செவ்வாய்க்கிழமை மாலதியிடம் ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"கவிதா எங்க ஃபேக்டரிதானே?"

"ஆமா."

"மாலதிக்கு உடம்பு சரியில்லன்னு அவ போய் யார்கிட்டயாவது சொன்னா? ஆள் குறைக்கிற நேரத்துல சீக்காளியத்தானே மொதல்ல அனுப்புவாங்க?"

இது எனக்குத் தோன்றவே இல்லை. பாருங்கள், இத்தனை நாளாகச் சாமிக்குப் பயந்தேன், தும்மலுக்குப் பயந்தேன். பயப்பட வேண்டிய விஷயத்தை விட்டுவிட்டேன். அவளுடைய வேலைதான் எங்கள் வீட்டு அடுப்பு. அதில் நானே தண்ணீர் ஊற்றியிருக்கிறேனா?

தெம்பேயை அப்படியே விட்டு, அடுப்பை அணைத்துவிட்டு அக்கா வீட்டுக்கு நடந்தேன்.

கவிதா இன்னும் வந்திருக்கவில்லை. அக்கா சமையலறையில் பயறு தாளித்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே கொட்டிவிட்டேன். "மாலதிக்கு ஒண்ணுமில்லக்கா. நல்லாத்தான் இருக்கா. ஓவர்டைம் நின்னுபோச்சு. மீன் வாங்க முடியல. வெளிய சொல்லக் கூச்சப்பட்டுத்தான் விரதம்னு சொல்லிட்டேன். கவிதாகிட்ட எதுவும் சொல்லிட்டீங்களா?"

அக்கா அடுப்பைக் குறைத்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

"வேண்டுதல்னு மட்டும்தான் சொன்னேன். யாருக்குன்னு சொல்லல. ஆள் குறைக்கிற நேரத்துல பேசற பேச்சா இது?"

கும்பிட்டுவிட்டுத் திரும்பப் போனேன். அதற்கப்புறம்தான் உறைத்தது. "ஆள் குறைக்கிறது... அக்காவுக்கு எப்படித் தெரியும்?"

அக்கா எட்டிப் பார்த்தார். பிள்ளைகள் ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கவிதா செக்‌ஷன்லயும் ஓவர்டைம் இல்ல தம்பி. உங்களுக்கு முன்னாடியே நின்னுபோச்சு. சூசாவாதான் இருக்கு, கையில காசே நிக்கல. வெளிய சொல்லாதீங்க அத்தேன்னு அவ சொல்லிட்டா. பிள்ளைங்க தினம் மீன் கேக்குதுங்க, நான் என்னா சொல்லுவேன்? நீங்க வேண்டுதல்னு சொன்னீங்க. மாலதிய நெனச்சு மனசு கஷ்டமாதான் இருந்துச்சு. ஆனா பக்கத்து வீட்டு மாமாவே கவிச்சி சாப்பிடல பாருங்கன்னு சொன்னதும் ரெண்டும் அடங்கிருச்சுங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. இத்தனை நாளும் இரண்டு வீடும் ஒரே பருப்பைத் தாளித்து, ஒரே பயத்தை மூடி வைத்திருக்கிறோம்.

"விரதத்த முடிச்சிடாதீங்க தம்பி. தைப்பூசம் வரைக்கும் இழுங்க லா."

"பொய்யாவாக்கா?"

"பொய் எதுக்கு? ரெண்டு பொண்ணுங்க வேலையும் போகாம இருக்கணும்னு இப்ப வேண்டிக்குவோம். சாமி வேணாம்னா சொல்லும்?"

சாமி படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கையில் கரண்டியோடு அக்கா கண்ணை மூடினார். நானும் மூடினேன். பயம் போகவில்லை, பொய் சொல்லமாட்டேன். யாரை அனுப்பப் போகிறார்கள் என்பது இன்றுவரை தெரியாது. ஆனால் அந்தப் பயத்தை இன்னொருவரோடு சேர்ந்து நின்று படுவது கொஞ்சம் பரவாயில்லை.

வீடு திரும்பி எல்லாவற்றையும் மாலதியிடம் சொன்னேன். அவள் நெற்றியில் அக்கா பூசிவிட்ட திருநீறு அப்படியே இருந்தது. ஆறிப்போன தெம்பேயைத் தட்டில் போட்டுக்கொண்டு இரண்டு வாய் சாப்பிட்டாள். அப்புறம் நிமிர்ந்து பார்த்தாள்.

"வேலை மட்டும் இருந்தா போதும்னு வேண்டிக்கிட்டு வந்தீங்களா? அவ்ளோ தூரம் போனவரு ஓவர்டைமையும் சேர்த்துக் கேட்டிருக்கலாமே?"