மேடையில் அணைத்த சூடம்

மேடையில் எனக்கு எத்தனை தடவை கல்யாணம் ஆனது என்று கணக்கே கிடையாது. ஆனால் ஒரு தடவைகூட மூன்று முடிச்சு விழுந்ததில்லை. இரண்டாவது முடிச்சோடு மாப்பிள்ளையின் கையைத் தட்டி விட்டுவிடுவேன். அது எங்கள் தொழிலில் உள்ள கட்டுப்பாடு. திருவிழா நாடகத்துக்கு மேடையைக் கோயிலைப் பார்த்துத்தான் போடுவார்கள். முன்வரிசையில் எந்தப் பெரிய மனிதர் உட்கார்ந்திருந்தாலும் எங்களுக்கு முதல் ரசிகை எதிரே இருக்கிற அம்மன்தான். அவள் பார்க்க மூன்று முடிச்சும் போட்டுவிட்டால் கல்யாணம் கல்யாணம்தான். அப்புறம் படுதாவை இறக்கி என்ன பிரயோஜனம்? அதே மாதிரி, சத்தியம் செய்கிற சீனில் சூடம் ஏற்ற மாட்டோம். தட்டில் மெழுகுவத்தித் துண்டு வைத்து அதைக் கையால் அணைக்கச் சொல்வோம். சூடத்தை அணைத்துச் சொன்ன சொல்லை எங்கள் பக்கத்தில் யாரும் மீற மாட்டார்கள்.

என் பெயர் தனலட்சுமி. எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் கதாநாயகி வேஷம் கட்டியவள். ஆண் வேஷமெல்லாம் அந்தந்த ஊர்க்காரர்களே போட்டுக்கொள்வார்கள். கதாநாயகி மட்டும் வெளியூரிலிருந்து போக வேண்டும், ஊர்ப் பெண்ணை மேடையேற விடமாட்டார்கள். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால் நாடக வாத்தியார் ஒருமுறை வசனத்தைப் படித்துக் காட்டுவார். அவ்வளவுதான் ஒத்திகை. காதலன் யார் என்பதே மேடையில் போய்த்தான் தெரியும். இப்போது நாடகம் போட வருகிற பிள்ளைகள் "அனுபவத்தைச் சொல்லுங்கம்மா" என்கிறார்கள். சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

1. வாலிப உள்ளம் கொண்டவன்

எண்பதுகளில், ரொம்ப வருஷம் இழுத்தடித்துப் பஞ்சாயத்துத் தேர்தல் வந்த சமயம். குரும்பலூரைத் தாண்டி ஒரு ஊர். பெயர் வேண்டாம், இன்னும் எனக்கு அங்கே போக்குவரத்து உண்டு. தை மாசத் திருவிழாவில் ஒரு சமூக நாடகம். கிணற்றைப் பூட்டி வைக்கிற பண்ணையார், அவரை எதிர்க்கிற இளைஞன், அந்த இளைஞனைக் காதலிக்கிற நான். எழுதியவர் வாத்தியார் கலியமூர்த்தி. ஆர்மோனியம் வாசித்துக்கொண்டே, மறந்துபோன வசனத்தையும் எடுத்துக் கொடுப்பார்.

கதாநாயகன் வேஷத்துக்கு எந்த ஊரிலும் பையன்களுக்குள் அடிதடி நடக்கும். அந்த ஊரில் அந்த வருஷம் சத்தமே இல்லை. பிரசிடெண்டு தேர்தலில் நிற்கப்போகிற தங்கராசு, வேஷம் தனக்குத்தான் என்று சொல்லிவிட்டார். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. தொப்பையை இறுக்கிக் கட்டினால் வசனம் வரவில்லை, வசனம் வரட்டும் என்று தளர்த்தினால் தொப்பை வந்தது. "இளைஞன்" என்று வருகிற இடத்தையெல்லாம் வாத்தியார் "வாலிப உள்ளம் கொண்டவன்" என்று திருத்தினார். பாவம், அவரும் அந்த ஊரில்தானே குடியிருக்க வேண்டும்.

ஊரில் தண்ணீர்த் தொட்டி கட்டி, மேலத் தெரு முழுக்கக் குழாய் போட்டிருந்தார்கள். அந்தக் குழாய் தங்கராசு வீட்டு மூலையோடு நின்றுபோயிருந்தது. அதற்கு அப்பால் கீழத் தெரு. கூலி வேலைக்குப் போகிற சனம். மேலத் தெருக் குழாயில் குடத்தை வைத்தால் சண்டை வரும். அதனால் அந்தப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் இருக்கிற ஒரு பம்புசெட்டுக்கு நடந்தார்கள். கரண்ட் இருந்தால் தண்ணீர், இல்லாவிட்டால் வரப்பில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மேக்கப்புக்கு முன் முகம் கழுவத் தண்ணீர் கேட்டேன். அஞ்சலை என்று கீழத் தெருப் பெண் ஒருத்தி அரைக் குடம் கொண்டுவந்தாள்.

"பாத்துக் கழுவுங்கக்கா. காலைல ஒல வைக்க இதுதான்" என்றாள்.

எனக்கு முகம் கழுவவே மனசு வரவில்லை. ஈரத் துணியால் துடைத்துக்கொண்டு பவுடரை அப்பினேன்.

2. எஃபெக்ட்டு

சத்திய சீன் வந்தது. தட்டில் மெழுகுவத்தியைப் பார்த்ததும் தங்கராசு படுதாவுக்குப் பின்னால் கத்தினார்.

"என்னம்மா தனம் இது, கரண்டா போயிடுச்சு?"

"வழக்கம் அப்படித்தாங்கண்ணே. ஆத்தாளுக்கு நேரா சூடம் ஏத்தக் கூடாது."

"அட நீ ஒண்ணு! சனம் சிரிப்பா சிரிக்கும். எஃபெக்ட்டு வேணும்ல? யோவ் பூசாரி, கோயில் தட்டக் கொண்டாய்யா, சூடம் பெருசா வையி!"

பூசாரி கொண்டுவந்து கொடுத்தார். நான் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன், காதில் வாங்கவில்லை. எக்கேடோ கெட்டுப் போ என்று தட்டை ஏந்திக்கொண்டு மேடைக்குப் போனேன்.

எழுதிக் கொடுத்த வசனம் இதுதான்: "இந்தப் பொன்னூர் மக்களுக்கு நீதி கிடைக்காமல் இந்த முத்துவின் காலில் செருப்பு ஏறாது!" பொன்னூர் வாத்தியாரின் கற்பனை. முத்துவும் கற்பனை. தங்கராசு கூட்டத்தைப் பார்த்தார். அத்தனையும் ஓட்டு. ஓரமாகத் தரையில் கீழத் தெரு சனம் உட்கார்ந்திருந்தது. என்ன தோன்றியதோ, கண்ணெல்லாம் கலங்கிவிட்டது மனுஷனுக்கு.

"நம்ம ஊரு கீழத் தெருவுக்குத் தண்ணிக் கொழா வராம, இந்தத் தங்கராசு காலுல செருப்பு ஏறாது! இது ஆத்தா மேல சத்தியம்!"

ஓங்கி அடித்துச் சூடத்தை அணைத்தார். செருப்பைக் கழற்றி மேடையை விட்டு வெளியே எறிந்தார். வாத்தியாரின் விரல் ஆர்மோனியத்தில் ஒரே கட்டையில் நின்றுவிட்டது. விசில் பறந்தது. அடுத்து என் வசனம், "அத்தான், அவசரப்பட்டுவிட்டீர்களே!" என் தொழில் வாழ்க்கையில் அவ்வளவு மனப்பூர்வமாக ஒரு வசனத்தை நான் பேசியதில்லை. அதற்கடுத்த கனவுப் பாட்டுக்கு ஷூ போட்டு ஆட வேண்டும். வெறுங்காலோடுதான் ஆடினார். கடைசிக் கல்யாண சீனுக்கும் அப்படியேதான் வந்து நின்றார்.

ஓட்டுக் கேட்கும்போதும் வெறுங்காலோடுதான் தெருத் தெருவாகப் போனாராம். வேட்பாளர் கும்பிட்டுக்கொண்டு வந்தால், சனம் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்ததாம். கீழத் தெரு ஓட்டு சிந்தாமல் சிதறாமல் விழுந்தது. தங்கராசு பிரசிடெண்டு ஆனார். பதவி ஏற்றுக்கொள்ளப் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு போனார்.

3. ரெண்டு முடிச்சு

மறுநாள் அவர் வீட்டு வாசலில் கீழத் தெருப் பெண்கள் காலிக் குடத்தோடு உட்கார்ந்துவிட்டார்கள். கூச்சல் இல்லை, கோஷம் இல்லை. அஞ்சலை மட்டும் சொன்னாளாம், "செருப்பக் கழட்டுங்க தலைவரே."

"அடி போங்கடி. அது நாடகம்!"

"நாடகந்தாங்க. சூடம் நாடகம் இல்லீங்களே."

பேச்சு முற்றி, கோயில் வாசலில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். அன்று காலை பெரம்பலூரில் என் வீட்டு வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. தங்கராசுவே இறங்கினார்.

"ஏம்மா தனம், ஒரே ஒரு வார்த்த. வழக்கமா வைக்கிற மெழுகுவத்தியத்தான் வச்சேன்னு சொல்லிடு. தட்டு ஒன் கையிலதானே இருந்துச்சு? இனிமே நம்ம ஊரு திருவிழா ஒனக்குத்தான். சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் நானே சொல்லி விடுறேன்."

மாட்டேன் என்றால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. பத்து ஊரில் அவர் பேச்சு செல்லும். அந்த ஊர்களை விட்டால் எனக்குப் பிழைப்பு ஏது? ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன். மெழுகுவத்தி என்று ஒரு சொல் சொன்னால் போதும், எனக்கு வேலை நிலைக்கும். அந்தப் பெண்கள் காட்டுக்கு நடப்பார்கள்.

கூட்டத்தில் முதலில் வாத்தியார் எழுந்தார். "கதைப்படி அந்த ஊரு பேரு பொன்னூருங்க. அதனால சத்தியம் பொன்னூருக்குத்தான் செல்லும்."

"பொன்னூருலயா வாத்தியாரே எங்க ஓட்டு இருக்கு?" என்றாள் அஞ்சலை. வாத்தியார் உட்கார்ந்துவிட்டார்.

தங்கராசுவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நாடகத்துல பண்ணதெல்லாம் நெசம்னா, இந்தத் தனத்துக்கு நான் தாலி கட்டுனேனே! அப்ப இவ என் பொண்டாட்டியா?"

பெண்கள் பக்கத்தில் அவருடைய நிஜ மனைவி எழுந்து நின்றார். தங்கராசு என்னைப் பார்த்தார், காப்பாற்று என்கிற மாதிரி. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை.

"இல்லக்கா, நீங்க உக்காருங்க" என்றேன். "ரெண்டு முடிச்சுதான் போட விட்டேன். மூணாவதுக்கு வந்தாரு, கையத் தட்டி விட்டேன். எங்க தொழில்ல அதுக்கு வழி இருக்கு. சூடத்துல பாதி அணைக்கிறதுன்னு ஒண்ணு கெடையாது. மெழுகுவத்திதான் வச்சேன், இவருதான் எஃபெக்ட்டு வேணும்னு பூசாரிகிட்ட கேட்டு வாங்குனாரு. பூசாரியக் கேளுங்க."

பூசாரி அம்மனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். நாலாபக்கமும் சிரிப்பு. தங்கராசுவின் மனைவி உட்காரவில்லை. நேராக வீட்டுக்காரரிடம் போய்க் குனிந்து, அவர் செருப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டார். "கொழா வந்ததும் கேளுங்க, தரேன்" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார். அதற்கு மேல் யாரும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

என்னைத் திரும்பக் கொண்டுவிட ஜீப் வரவில்லை. பஸ்ஸில்தான் வந்தேன்.

4. தார் ரோடு

பங்குனி போய்ச் சித்திரை பிறந்தது. பெரம்பலூர் தார் ரோட்டில் அந்த வெயிலில் வெறுங்காலோடு நடந்து பாருங்கள், தெரியும். பஸ் ஸ்டாண்டிலிருந்து யூனியன் ஆபீசுக்குக் குழாய் மனுவோடு தங்கராசு போகிற அழகை நானே கண்ணால் பார்த்தேன். ஒரு டீக்கடை நிழலிலிருந்து அடுத்த கடை நிழலுக்கு ஒரே ஓட்டம். அங்கே நின்று ஒரு காலைத் தூக்கி மறு காலின் மேல் வைத்துக்கொள்வார். மறுபடி ஓட்டம். கடைக்காரர்களுக்கெல்லாம் பழகிப்போய், "தலைவரே, இங்க வாங்க, சாக்கு போட்டுருக்கேன்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

முதல் நாள் யூனியன் அதிகாரியான பி.டி.ஓ. கேட்டாராம், "என்னங்க, கோயிலுக்கு வேண்டுதலா?"

"ஆமா சார். ஒங்க ஆபீசுக்கு."

மற்ற பிரசிடெண்டுகள் மனு கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். இவர் போகவில்லை, போகவும் முடியாது, வெளியே தார் கொதிக்கிறதே. வெயில் தாழும்வரை பி.டி.ஓ. மேஜைக்கு எதிரே உட்கார்ந்து பாதத்தை ஊதிக்கொண்டிருப்பார். வருகிறவர்கள் போகிறவர்களெல்லாம், "யாரு சார் இவரு, காலுக்கு என்ன?" என்று கேட்டார்கள். அவரும் சத்தியக் கதையை ஒவ்வொருவருக்கும் நடித்துக் காட்டினார். வேலைக்கு இடைஞ்சல் தாங்காமல் ஆபீஸ்காரர்களே ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

ஆடியில் கீழத் தெருவுக்குக் குழாய் வந்தது. என்னையும் கூப்பிட்டுவிட்டார்கள். பயந்துகொண்டேதான் போனேன். அஞ்சலை குழாயைத் திறந்ததும் முதல் குடத்தை எனக்கு முன்னால் வைத்து, "இப்ப நல்லாக் கழுவுங்கக்கா மூஞ்சிய" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே கழுவினேன்.

தங்கராசுவின் மனைவி செருப்பைக் கொண்டுவந்து அவர் முன்னால் போட்டார். கால் காய்த்துப்போய்ச் செருப்புக்குள் நுழையவில்லை. அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை.

"ஏம்மா தனம், மைக்க வச்சிக்கிட்டு எத்தன மீட்டிங்குல பேசுனேன்? பாலம் கட்டுறேன்னேன், பள்ளிக்கூடம்னேன். ஒருத்தராச்சும் வந்து ஏன்டா கட்டலன்னு கேட்டாங்களா? வேஷம் போட்டுச் சொன்னதுக்கு மட்டும் ஏன் என்னய இந்தப் பாடு படுத்துனாங்க?"

குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த அஞ்சலை திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"மீட்டிங்குல நீங்க பேசுனத நாங்க நம்பலீங்க. நாடகத்துல நம்பிட்டோம்."

தங்கராசு குனிந்து, காய்த்துப்போன காலைச் செருப்புக்குள் மறுபடி நுழைக்கப் பார்த்தார்.

நாடகம் போட வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். எதிரே உட்கார்ந்திருக்கிற சனம் எதை நம்பும் என்று நமக்குத் தெரியாது, அதனால் வசனத்தை அளந்து பேசுங்கள். அதற்குப் பிறகும் ரொம்ப வருஷம் நான் கதாநாயகியாக நடித்தேன். சத்திய சீனுக்கு முன்னால், எதிரே நிற்கிற கதாநாயகன் என்ன வேலை பார்க்கிறார் என்று விசாரித்துக்கொள்வேன். சாதாரணப் பையன் என்றால் மெழுகுவத்திதான். பதவியில் இருக்கிறவர் என்றால், யாரும் கேட்காமல் நானே போய்ப் பூசாரியிடம் சூடத் தட்டை வாங்கி வந்துவிடுவேன்.