ஆட்டின் ராஜா யாரிடம்?

தெரணியகலைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் விஜயகலாவுக்கு எதையும் கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருப்புக் கொள்ளாது. பஸ் வருமா, த்ரீவீல் பிடிக்கலாமா என்று நிற்கும்போதுகூட எந்தப் பக்கம் வாய்ப்பு அதிகம் என்று யோசிப்பாள். ஓமிச் சீட்டு விளையாட உட்கார்ந்தால் கேட்கவே வேண்டாம். நாலு பேர், ஆளுக்கு எட்டுச் சீட்டு, எதிரெதிரே இருப்பவர்கள் ஜோடி; எந்த இனம் மற்றதை வெட்டும் துரும்பு என்று சொன்னவர்கள், எட்டுச் சுற்றில் ஐந்து பிடி எடுத்தாக வேண்டும்.

இத்தனை கணக்குத் தெரிந்தவளுக்கு வாயை அடக்க மட்டும் தெரியாது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கல்யாண வீட்டில், "துரும்பு எண்ணத் தெரியாதவளோட நான் உக்கார மாட்டேன்" என்று நாத்தனார் ஜெயம்மாவைச் சபையில் சொல்லிவிட்டாள். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. இப்போது அடுத்த மாதம் மகன் நிரோஷனுக்குக் கல்யாணம். புருஷனின் ஒரே தங்கை வராமல் அது என்ன கல்யாணம்? மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, தூங்கவும் முடியவில்லை.

சித்திரைப் புத்தாண்டுப் போட்டிக்கு ஜோடிகளைக் குலுக்கிப் போட்டார்கள். அவளுக்கு விழுந்தது ஜெயம்மா பெயர்! நாங்களெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். ஓமியில் ஜோடிக்குள் பேசக் கூடாது என்பது சட்டம். அதை இவர்களைப்போல் சுத்தமாகக் கடைப்பிடித்தவர்கள் யாருமில்லை. அப்படியே இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டார்கள்.

கடைசித் தடவை போட்ட சீட்டில் துரும்பு சொன்னது விஜயகலா. நாலு பிடி எடுத்தாயிற்று, இன்னும் ஒன்று வேண்டும். ஆளுக்கு இரண்டு சீட்டு மிச்சம்; துரும்பெல்லாம் தீர்ந்துவிட்டது. அவள் கையில் இதயச் சீட்டான ஆட்டினில் பத்தும் டயமண்ட் ஏழும். முதல் சீட்டை அவள்தான் இறக்க வேண்டும். ஆட்டினில் வெளியே மிச்சமிருப்பது ராஜா மட்டும். இடது பக்கத்துக் கடைக்கார இப்திகார் முன்பே ஆட்டினைத் துரும்பால் வெட்டியவர், அவரிடம் இருக்காது. ஒன்று வலது பக்கத்து சசியிடம், இல்லாவிட்டால் ஜெயம்மாவிடம். பாதிக்குப் பாதி. டயமண்ட் ஏஸோ மூன்று பேரில் யாரிடமும் இருக்கலாம்; ஜெயம்மாவிடம் இருக்க மூன்றில் ஒரு வாய்ப்புதான்.

ஆட்டினைப் போட்டாள். சசி ஆட்டின் இல்லாமல் ஒரு கிளாவர் சீட்டைத் தள்ளியதும்தான் அவளுக்கு மூச்சே வந்தது. ஜெயம்மா ராஜாவை மேசையில் ஓங்கி அடித்தாள். ஐந்தாவது பிடி! கூட்டமே கத்தியது.

அந்தக் கூச்சலுக்கு நடுவே விஜயகலா கேட்டேவிட்டாள். "ஜெயம்மா, அன்னிக்கு நான் பேசினது தப்பு. நிரோஷன் கல்யாணத்துக்கு வந்துரு."

ஜெயம்மா சீட்டை அடுக்கிக்கொண்டே, "சீட்டு மேசையில வச்சா அழைப்பீங்க அண்ணி? நாளைக்கு அண்ணனோட, வெத்தல பாக்குத் தட்டோட வீட்டுக்கு வாங்க" என்றாள்.

"நாளைக்கு எதுக்கு? இப்பவே வாறோம்!" விஜயகலாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. எங்களுக்கே நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. பரிசுக் கிண்ணத்தை வாங்கக்கூட நிற்காமல் அவள் வெற்றிலைக் கடைக்கு ஓடினாள்.