கல்லடிப் பாசியின் குடி

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிப் போயா விடுமுறை. மட்டக்களப்பில் கல்லடிக் கடற்கரையோரம் இருந்த எங்கள் சிறிய ஆய்வுகூடம் பூட்டிக் கிடந்தது. அதனால்தான் இதை எழுத நான் இருக்கிறேன்.

கண்ணாடிப் போத்தல்களில் கடற்பாசிகளை உயிரோடு வைத்திருப்பது அங்கே என் வேலை. கிழமைதோறும் பழைய நீரை ஊற்றிவிட்டு, வடித்துக் காய்ச்சி ஆறவைத்த கடல்நீரை நிரப்ப வேண்டும். யுத்தத்தில் ஊரடங்கு வந்தால் அது நடக்காது. ஆகவே ஒவ்வொரு பாசியிலும் இன்னொரு போத்தல் ஏறாவூரில், என்னோடு வேலை செய்த முஸ்லிம் தோழியின் வீட்டில் இருந்தது.

கல்லடிப் போத்தல்கள் அனைத்தையும் அன்றைய சுனாமியில் கடல் கொண்டுபோனது. கல்லடிப் பாசி வளர்ந்த கற்களும் மணலுக்குள் புதைந்தன. இழவு வீடுகளுக்குப் போய்வந்த நாட்களில் ஒரு போத்தலைப் பற்றிப் பேச வெட்கமாக இருந்தது. ஆனால் அந்தப் பாசி இனி எங்காவது உயிரோடு இருந்தால் ஏறாவூரில்தான். பாதை திறந்ததும் சைக்கிளில் போனேன்.

வீடு நிறைய, கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த உறவினர்கள். முற்றத்துப் பாயில் சிவப்புப் பாசி காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் தோழி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மாமி மட்டும் மலர்ந்த முகத்தோடு வந்தார்.

"அழுற புள்ளயளுக்குக் கடல்பாசி காய்ச்சிக் குடுப்பமெண்டு எல்லாப் போத்தலையும் ஒண்டாக் கொட்டிக் கழுவிக் காயப்போட்டன் மகள். நல்ல சாமான்!"

"மாமி, அது ஆராய்ச்சிப் பாசி!" என்றாள் தோழி.

"ஆராய்ச்சியெண்டா திங்க ஏலாதா?"

அந்த ஞாயிறுக்குப் பிறகு அன்றுதான் நான் சிரித்தேன்.

கழுவிய சட்டியின் விளிம்பில் ஈரம் காயாத சிவப்பு நூல் ஒன்று ஒட்டியிருந்தது. கல்லடிப் பாசியும், ஏறாவூர்க் கரையில் எடுத்து வளர்த்த பாசியும் கண்ணுக்கு ஒரே மாதிரித்தான் இருக்கும். இது எது?

"கல்லடிதான் கா, கவலப்படாத," என்றாள் தோழி.

"சும்மா சொல்லாத. இது உன்ட ஏறாவூர்ப் பாசி," என்றேன்.

நூலைப் புதிய போத்தலில் இட்டோம். அன்று பின்னேரம் பிள்ளைகளுக்குத் தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்த்துக் காய்ச்சி உறையவைத்த கடல்பாசி, ஆளுக்கு நகமளவு. எனக்கும் கிடைத்தது. ருசியாகத்தான் இருந்தது.

நூல் புதராக வளர்ந்தது, சண்டையும் வளர்ந்தது. நீர் மாற்றும் நாளில் அவள் போத்தலில் "கல்லடி" என்று எழுதுவாள். அடுத்த கிழமை நான் அதை வெட்டி "ஏறாவூர்" என்று எழுதுவேன். அவள் எனக்காக விட்டுக்கொடுக்கிறாள் என்று நினைத்துத்தான் நான் பிடிவாதமாக மறுத்தேன். உள்ளே எனக்கும் கல்லடியாக இருக்கவேண்டும் என்றுதான் ஆசை.

2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. அதன் பிறகு பாசிகளின் உறவுமுறையை ஆராய்பவர் ஒருவர் கொழும்பிலிருந்து வந்தார். எங்கள் புதரில் ஒரு துண்டையும், முன்பு இரு ஊர்களிலும் எடுத்துக் கடதாசியில் ஒட்டி உலர்த்தி, கொழும்பில் பத்திரமாக இருந்த மாதிரிகளையும் ஒப்பிட்டார். தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும் மரபணுவைத்தான் பார்ப்பதாகச் சொன்னார்.

"எங்கட ஊர்க் குடி மாதிரி," என்றாள் தோழி. மட்டக்களப்பில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் குடி எனப்படும் குலப்பிரிவு தாய்வழியாகவே வரும். ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை.

முடிவு வந்தது. எங்கள் புதர் கல்லடி மாதிரியோடு பொருந்தியது. ஏறாவூர் மாதிரியோடும் அப்படியே பொருந்தியது. மூன்றும் ஒரே தாய்வழி.

"இவ்வளவு காலமும் ஒரே குடிக்காரருக்காகவா சண்ட பிடிச்ச நாம?" என்று தோழி விழுந்து விழுந்து சிரித்தாள். உடனே புதரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வேறு போத்தலில் இட்டு என் கையில் தந்தாள்.

"கொண்டு போ கா. கல்லடியும் அதுக்குத் தாய்வீடுதான், அங்கயும் ஒண்டு இரிக்கட்டும்."

சைக்கிள் கூடையில் துணி சுற்றிவைத்து, கல்லடிக்கு மெல்ல உழக்கிக்கொண்டு வந்தேன்.