செக் வாங்குவதற்கு முன் ஒரு தாவல்

அமெரிக்கப் பட்டாளம் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. சைகோனில், பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் இருந்த என் துணிக்கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். மதியமானால் காரைக்கால்காரர் ஒருவர் செஸ் பலகையோடு வந்துவிடுவார். பிரெஞ்சுக்காரர்களின் பட்டாளத்தில் குமாஸ்தாவாக இருந்தவர், ஆட்டத்தையும் அங்கேதான் கற்றவர். என்னைவிட இளையவர்தான், ஆனாலும் எங்களுக்கு அவர் ‘முசே’, பிரெஞ்சில் ஐயா.

நான் தேவகோட்டைப் பக்கம். எங்கள் ஊர் ஆட்டத்தில் ராஜா ஒரே ஒரு தடவை குதிரை போலத் தாவலாம். அதற்கு முன்னால் ஒரு செக் வாங்கிவிட்டால் அதுவும் போச்சு. முசேவுக்கு இது ஒரே சிரிப்பு. கடைசியில் ராஜியானோம்: வெள்ளை அவர் சட்டப்படி, கறுப்பு என் சட்டப்படி.

கறுப்புக்கு ஓர் எளிய தற்காப்பும் சொல்லிக் கொடுத்தார். ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை ஒரு கட்டம் தள்ள வேண்டும். ராஜா பக்கத்துக் குதிரைக்கு முன்னால் நிற்பதையும் ஒரு கட்டம். அங்கே ராஜா தாவி ஒளிய ஒரு பொந்து விழும்.

“பொந்து விழுந்ததும் ராஜாவ உள்ள தள்ளிடுங்கண்ணே. வேற எதையும் பாக்காதீங்க.”

என்னால் எதையாவது பார்க்காமல் இருக்க முடியாதே! வடக்கிலிருந்து கம்யூனிஸ்ட் படை இறங்கிவர, சைகோனைவிட்டுக் கிளம்பும் விஷயத்திலும் அப்படித்தான். இந்தியத் தூதரகத்தில் வாங்கிய விண்ணப்பம் மூன்று வாரமாக இழுப்பறையில் கிடந்தது. என் மனைவி வியட்நாமியப் பெண். நான் கையெழுத்துப் போட்டால்தான் அவளுக்கும் மகளுக்கும் விமானத்தில் இடம். இருக்கிற சரக்கு தீரட்டும் என்றேன். த்ருவோங் டின் தெரு மாரியம்மனுக்கு ஒரு பூசை போட்டுவிடலாம் என்றேன். சந்தையில் மீன் விற்கிறவள் சொன்னதை மனைவி ஒருநாள் வந்து சொன்னாள்: இப்போதெல்லாம் யாரும் பெரிய மீன் கேட்பதில்லையாம், ஒரு வேளைக்கு மட்டும்தான் வாங்குகிறார்களாம். அப்படியும் இழுப்பறையைத் திறக்கவில்லை.

ஒரு மதியம் ஊருக்கு வெளியே தூ டுக் பக்கம் ஏதோ குமுறியது. வானத்தில் மேகமே இல்லை. பலகையில் காய்கள் லேசாக நடுங்கின. பொந்து விழுந்துவிட்டது, தாவியிருக்கலாம். வாசலுக்கு ஒரு காவல் இருக்கட்டுமே என்று குதிரையை வெளியே எடுத்தேன். முசே மந்திரியைக் குறுக்கே இழுத்து வைத்தார்.

“செக்.”

“இருங்க முசே, இந்தா தாவிடுறேன்.”

“எங்க தாவுறது? உங்க ஊரு சட்டம்ண்ணே, நான் போட்டதில்ல.”

இரண்டு பேரும் சிரித்தோம். துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி சிரிக்கவில்லை. அவளுக்கு ஆட்டம் தெரியாது, தமிழ் தெரியும். இழுப்பறையைத் திறந்து, விண்ணப்பத்தைக் கொண்டுவந்து பலகைமேல் வைத்தாள். காய்கள் சாய்ந்தன.

“இதுக்கு இன்னும் யாரும் செக் சொல்லல. போடுங்க.”

முசேதான் பேனா கொடுத்தார். கையெழுத்துப் போட்டேன்.

“நீங்க எப்ப முசே?”

“எனக்கென்னண்ணே, பிரெஞ்சுக் காயிதம் இருக்கு. எப்ப வேணா போலாம். வீட்டுக் கூரை பாதில நிக்குது, அது முடியட்டும்.”

அந்த வாரக் கடைசியில் நாங்கள் மூவரும் இந்தியாவுக்குப் பறந்தோம். சில நாளில் சைகோன் விமான நிலையத்தில் குண்டு விழுந்ததாக ரேடியோ சொன்னது.

காரைக்காலில் அவர் தங்கை வீட்டைத் தேடிப் போனேன். கதவைத் திறந்தவளிடம் சைகோனிலிருந்து வருகிறேன் என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள்.

“அண்ணன் உங்ககூட வரலியா?”