காற்றைப் பூட்டி வைத்த ராஜாவும் விளக்கம் அண்ணனும்

போன வெள்ளிக்கிழமை படப்பெட்டி எடுக்க விழுப்புரம் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். பெட்டியை இறக்கிக் கொடுத்த போர்ட்டர், "உங்க விளக்கம் அண்ணன் காலைல தவறிட்டாருங்க" என்றான். அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

விழுப்புரத்தில் எங்கள் டூரிங் கொட்டகைக்கு வந்தவர்களுக்கு ஞானப்பிரகாசம் அண்ணனைத் தெரியும். இங்கிலீஷ் படம் ஓடும்போது திரையோரம் நின்று, தகரக் குழாயை வாயில் வைத்துத் தமிழில் கதை சொல்வது அவர் வேலை; அதனால்தான் 'விளக்கம் அண்ணன்'. மிஷின் ஓட்டுவது என் வேலை. அவருக்கு இங்கிலீஷ் அரைகுறைதான். எங்கள் முதலாளிக்குத் திண்டிவனத்திலும் ஒரு கொட்டகை உண்டு. படம் முதலில் அங்கேதான் ஓடும். அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் இங்கே வாயைத் திறப்பார். "பாக்காத சங்கதிய பேசினா நாக்கு அழுகிடும்பா" என்பார்.

வெள்ளைக்காரன் ஆண்ட யுத்த காலத்தில், வேறு கிரகத்துக்குப் பறந்து போகும் படம் ஒன்று வந்தது. அந்த வாரம் அண்ணனுக்குக் காய்ச்சல், திண்டிவனம் போகவில்லை. முதலாளி விடுவாரா? "ஒனக்குத் தெரியாத கதையா, சமாளிய்யா" என்று திரைக்கு முன்னால் தள்ளிவிட்டார்.

பறக்கும் கப்பலிலிருந்து ஒரு வெள்ளைக்காரன் துப்பாக்கியோடு இறங்கினான். அந்த உலகத்து ராஜா, கறுத்த ஆள், அங்கியும் கிரீடமுமாக எதிரே வந்து நின்றான். அண்ணன் யோசிக்கவே இல்லை. "கூப்புடாத நாட்டுல வந்து எறங்கிக்கினு, அதிகாரம் பண்றான் பாரு! நம்ம ராஜா வுடுவாரா?" கொட்டகை அதிர்ந்தது. நாற்காலியில் இருந்த போலீஸ் ரைட்டர் மட்டும் மீசையைத் தடவிக்கொண்டார்.

இரண்டு ரீல் கழித்து ராஜாவின் சாயம் வெளுத்தது. அந்த உலகத்தில் காற்றைக்கூட அவன் பூட்டி வைத்திருந்தான். சுரங்கத்தில் வேலை செய்ய மறுத்த சொந்த ஜனங்களை அறைக்குள் அடைத்துக் காற்றை நிறுத்தினான். அதற்கும் சனம் பழக்கத்தில் கை தட்டியது. அண்ணன் வாயிலிருந்து குழாய் இறங்கிவிட்டது.

ரீல் மாற்ற விளக்கைப் போட்டதும் முதலாளி ஓடி வந்தார். "ராஜாவ நல்லவனாவே முடிச்சிடு. மாத்திப் பேசின, கொட்டகையப் பிரிச்சிடுவானுங்க. நாளைக்கு ஒனக்கு வேலை கெடையாது."

அண்ணனுக்கு வீட்டில் ஐந்து பிள்ளைகள். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றவருக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரை முன்னால் போய் நின்றார்.

"பெரியவங்களே, தாய்மாருங்களே, நான் தப்பா சொல்லிட்டேன். வந்தவன் வெள்ளத்தோலா இருக்கவே கெட்டவன்னுட்டேன். ராஜா நம்மளாட்டம் இருக்கவே நல்லவன்னுட்டேன். செய்யறதப் பாத்து சொல்லியிருக்கணும்."

பெண்கள் பக்கம், மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்த ஒருத்தி எழுந்தாள். "அப்ப அந்தக் கப்பல்காரன்தான் நல்லவனாண்ணா?"

"தெரியலம்மா. நானும் இன்னும் பாக்கல. ஒண்ணாப் பாக்கலாம்."

யாரும் கொட்டகையைப் பிரிக்கவில்லை. மூச்சுச் சத்தம் கேட்கிற மாதிரி உட்கார்ந்து பார்த்தார்கள். கடைசியில் கப்பல்காரனையும் அந்த அறைக்குள் போட்டு அடைத்தார்கள். காவலுக்கு நின்ற ஒருவன், பேர்கூட இல்லாதவன், ராஜாவின் ஆள்தான், நாலாபக்கமும் பார்த்துவிட்டு நடந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கினான். உள்ளே இருந்த அத்தனை பேரும் வெளியே வந்தார்கள். அண்ணன் குழாயைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினார்: "இவன்தாம்மா!" மணலில் உட்கார்ந்திருந்த கூலிக்காரச் சனம் எழுந்து நின்றது.

சொன்னபடியே முதலாளி அவரை நிறுத்திவிட்டார். மறுநாள் தரை டிக்கெட் ஆட்கள் வந்தார்கள். "விளக்கம் அண்ணன் இல்லியா?" என்று கேட்டுவிட்டு வெளியிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். பேஜாராகிப்போன முதலாளி, "ஜல்தியாப் போய்க் கூட்டியா" என்று என்னைத்தான் சைக்கிளில் விரட்டினார்.

பின்னாளில் அதைப் பேச்செடுத்தால் அண்ணன் சிரிப்பார். "கப்பல் ஏறிப் போனவன் படம் போஸ்டர்ல வருது. தாப்பா நீக்கனவன் நடந்தது நாலடி. அதாம்பா ரொம்ப தூரம்." அவரும் அன்று திரைக்கு முன்னால் அவ்வளவு தூரம்தான் நடந்தார். அதை அவரிடம் ஒருநாளும் நான் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

சனிக்கிழமை கோலியனூரில் அவரை அடக்கம் செய்தோம். இப்போது இங்கிலீஷ் படங்களே தமிழ் பேசுகின்றன, விளக்கம் சொல்ல ஆள் தேவையில்லை. இன்று மாலையும் மிஷினை ஓட்டுவேன். கதாநாயகன் வந்ததும் சனம் கை தட்டும். நான் மட்டும் மிஷின் ரூம் ஓட்டை வழியாக, திரையில் கதவுப் பக்கம் நிற்கிறவனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.